ஷூ லேஸ் கட்டுகிறான்

"மெழுகுவத்தி எரியற வீட்டை விட்டு வீட்டுக்காரன் வெளிய போவானாடா? நம்ம வம்சத்துல..."

"ரெண்டு மணி நேரம்தான்ப்பா, நாலுலேருந்து ஆறு..."

"...ஒருத்தன் போயிருக்கானா? உங்க தாத்தன், ஊரே பத்தி எரிஞ்சப்பகூட..."

"தாத்தா காலத்துல லீக் அட்டவணை கிடையாதுப்பா!"

"அட்டவணையைக் கொண்டுபோய் மோராவா ஆத்துல போடு!"

"ஆறு மைதானத்துக்குள்ள வந்ததாலதான் ஆட்டமே இன்னைக்குத் தள்ளிப் போச்சு. ஆத்துக்கிட்டயே போய்ச் சண்டை போடுங்க!"

புனித ஜார்ஜ் நாள். காலை எட்டு மணி. நான் வேகவைத்த கோதுமைமேல் சர்க்கரைப் பொடியைச் சலித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு விதா இறந்து நாலு வருஷமாக அந்த வீட்டு ஸ்லாவாவுக்கு, குலப் புனிதரின் திருநாள் விருந்துக்கு, கோதுமையும் ரொட்டியும் என் கையால்தான். வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்கள். வாசல் கதவில் வில்லோக் கிளை வளையம் செருகியாகிவிட்டது. ஆட்டுக்குட்டி அடுப்பில் இருந்தது. அப்பனும் மகனும்தான் இன்னும் அடங்கவில்லை.

"தாரிங்கா அத்தை, நீங்களாவது சொல்லுங்க," என்றான் உக்ளேஷா.

"அவளை இழுக்காத. பாதிரியார்கிட்ட சொல்லியாச்சு. இந்த வருஷத்துலேருந்து நீதான் இந்த வீட்டு ஸ்லாவாக்காரன். நான் விருந்தாளி."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"எங்கப்பன் எங்கிட்ட கேட்டானா பாதிரியார்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி? இது கேக்கற விஷயம் இல்லடா. வந்து சேர்ற விஷயம்."

வெலிமிர் அண்ணனுக்கு எழுபத்தாறு வயது. அவர் குரலை உயர்த்தினால் எனக்குத் தெரியும், பயந்திருக்கிறார் என்று. மகனின் வலது முட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வருகிற செவ்வாய்க்கிழமை பெல்கிரேடில் அதற்கு அறுவை சிகிச்சை. அதோடு இவன் ஆட்டம் முடிந்தது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். "அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு" என்று இவன் நிற்கிறான். எங்கள் ஊர் அணிக்கு ஒரு புள்ளியாவது வேண்டும். இல்லையென்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். அணியை நடத்துகிற கசாப்புக்கடை ஸ்ரேத்தன் இரண்டு வாரமாக இவன் வாசலிலேயே நின்றான்.

உக்ளேஷா குரலைத் தாழ்த்தினான். "அப்பா, சண்டை வேணாம். மெழுகுவத்தி ஏத்தறேன், ரொட்டி வெட்டறேன், மதியம் வரைக்கும் நின்னு பரிமாறறேன். சாயங்காலம் ஆறுக்கு மேல திரும்பவும் நிக்கறேன். நடுவுல ரெண்டு மணி நேரம் மட்டும் விட்டுடுங்க. நீங்களும் வாங்க. கடைசி ஆட்டம். ஒரு தடவை வந்து பாருங்க."

"மெழுகுவத்தியை யாரு பாத்துக்குவா?"

"தாரிங்கா அத்தை பாத்துக்குவாங்க."

"அவ வீட்டு மெழுகுவத்தியா இது?"

"சரிப்பா." அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை அது. "தோட்டத்துல வேலை இருக்கும். தெரியும். பதினேழு வருஷமா தெரியும்."

வெலிமிர் அண்ணன் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்காதே என்கிற பார்வை. நான் சல்லடையைத் தட்டினேன்.

பதினேழு வருஷமாக நான் மூடிவைத்த வாய் அது. இப்போது திறக்கிறேன்.

உக்ளேஷாவுக்குப் பதினோரு வயதிருக்கும்போது பள்ளிக்கூட ஆட்டத்தைப் பார்க்க வெலிமிர் அண்ணன் போனார். பையனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. பதினேழு வயதில் பெல்கிரேடில் பெரிய லீகில் முதல் ஆட்டம். இவர் பையில் ஒரு முழுப் பன்றித்தொடையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனார். இருபதாவது நிமிஷம் நடுவர் பையனுக்குச் சிவப்பு அட்டை காட்டினார். அணி நாலு கோலில் தோற்றது. பன்றித்தொடை திரும்பி வந்தது. மூன்றாவது முறை பையனுக்கு இருபது வயது. வழியில் பஸ் பழுதாகி, இவர் அறுபதாவது நிமிஷம்தான் போய்ச் சேர்ந்தார். பலகையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த அந்தக் கணம் பையன் முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஒன்பது மாதம் ஆட்டமில்லை.

"என் கண்ணுதான் விதா," என்றார் அன்றைக்கு மனைவியிடம். "நான் பீடை. இனிமே அவன் ஆடறதை என் கண்ணு பாக்காது."

"அவன்கிட்ட சொல்லுங்களேன்."

"சொன்னா அவனும் பயப்படுவான். பயந்தவன் காலு பந்தைத் தேடாது. தாரிங்கா, நீயும் சொல்லக் கூடாது. விதா தலைமேல சத்தியம்."

அதற்கப்புறம் எங்கள் ஏற்பாடு இப்படி. டிவி வீட்டுக்குள். விதா அதன் முன்னால் கைக்குட்டையைக் கடித்தபடி. ஆட்டம் தொடங்கினால் அவளுக்குப் பேச்சு வராது. வெலிமிர் அண்ணன் முற்றத்து வால்நட் மரத்தடியில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, ஒரு முக்காலியில். நான் நடுவில், ஜன்னல் ஓரம். என் வேலை சொல்வது.

"எங்க இருக்கான்?"

"நடுவுல."

"என்ன பண்றான்?"

"பந்தைப் பிடுங்கிட்டான்."

"யாருகிட்ட குடுத்தான்?"

"அந்தக் கறுப்புப் பையன்கிட்ட."

"அப்புறம்?"

"அப்புறம் ஓடறான்."

"பந்தைக் குடுத்துட்டு எதுக்கு ஓடறான்?"

"திரும்ப வாங்கிக்கத்தான்."

பெல்ஜியத்தில் ஏழு வருஷம் இப்படியே போனது. உக்ளேஷா கோல் போடுகிறவன் இல்லை. ஏழு வருஷத்தில் ஒன்பது கோலோ பத்தோ. ஆனால் அங்கே எவன் கோல் போட்டாலும் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் இவன் கால் இருக்கும். எதிரியின் காலடியிலிருந்து பந்தை உருவி எடுப்பான். தலையைத் தூக்கிப் பார்ப்பான். யாருக்கு வேண்டுமோ அவனுக்குச் சரியாக, அவன் ஓடும் வேகத்துக்கே, கொடுத்துவிடுவான். கோல் போட்டவன் மேல் எல்லாரும் குவிந்து கிடக்கும்போது இவன் தன் இடத்துக்குத் திரும்பி நடந்துகொண்டிருப்பான். ஸ்லாவா வீட்டுக்காரன் மாதிரி என்று விதா ஒரு முறை சொன்னாள். விருந்தாளி இருக்கும்வரை அவன் உட்காரக் கூடாது. எவன் தட்டு காலி, எவன் கோப்பை காலி என்று பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். தொண்ணூறு நிமிஷமும் இவன் அப்படித்தான் நின்றான்.

நாட்டுக்காக இரண்டே ஆட்டம். இரண்டாவதில் எண்பதாவது நிமிஷம்தான் இறக்கினார்கள்.

"இறங்கிட்டான்! அண்ணே, இறங்கிட்டான், செர்பியாச் சட்டையில!"

"நம்பர் என்ன?"

"பதினாறு."

"எப்படி இருக்கான்?"

"சட்டை கொஞ்சம் பெருசு."

முதுகு குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

சில சமயம் பொய்யும் சொன்னேன். பெல்ஜியத்தில் ஒரு முறை மழையில் ஒரு முரடன் கணுக்காலை மிதித்துவிட்டான். பையன் நாலு நிமிஷம் எழவில்லை. விதா கைக்குட்டையைக் கிழித்தே விட்டாள்.

"ஏன் சத்தமே இல்ல? தாரிங்கா! என்ன பண்றான்?"

"லேஸ் கட்டறான் அண்ணே. ஷூ லேஸ்."

"ம்."

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். அவன் விழுந்தால் லேஸ் கட்டுகிறான். கிரேக்கத்தில் மூன்று வருஷம், நிறைய லேஸ் கட்டினான். முட்டி அங்கேதான் தேய்ந்தது. அங்கிருந்து கடைசியாக வந்தபோது விதாவின் அடக்கத்துக்கு வந்தான். சவப்பெட்டியை அந்த முட்டியோடு மேட்டுக் கல்லறை வரை தோளில் சுமந்தான். மூன்றாம் நாள் திரும்பிப் போய் ஆடினான். அதற்கப்புறம் கஜக்ஸ்தானில் மூன்று வருஷம். அங்கே ஆட்டம் நம் காலைக் காப்பி நேரத்தில். விதா இல்லாமல் நானும் அண்ணனும் மட்டும். அவர் வெளியே பனியில் கம்பளி போர்த்திக்கொண்டு, நான் உள்ளே.

"அத்தை," என்பான் போனில் ஒவ்வொரு முறையும், "அப்பா பாத்தாரா?"

"தோட்டத்துல இருந்தாருப்பா."

"பனியிலயா? தோட்டத்துலயா?"



போன கோடையில் ஊருக்கே திரும்பி வந்தான். வேறு பெரிய இடங்களிலிருந்தும் கேட்டார்கள். முப்பத்தாறு வயதில் எங்கள் ஊர்ச் சேற்றில் ஆட வந்தான். கசாப்புக்காரன் மாப்பிள்ளை, லாரி டிரைவர், வங்கிக் குமாஸ்தா. இவர்களோடு அதே மாதிரி நின்று, எடுத்து, கொடுத்தான். குமாஸ்தா பந்தை உதைத்து வேலிக்கு வெளியே அனுப்பினால், "நல்ல யோசனை, அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் கீழ" என்பான். ஒருத்தரையும் திட்டி நான் கேட்டதில்லை.

சரி, அன்றைய நாளுக்கு வருகிறேன்.

பத்து மணிக்குப் பாதிரியார் வந்தார். உக்ளேஷா மெழுகுவர்த்தி ஏற்றினான். ரொட்டியைப் பாதிரியாரும் அவனுமாகப் பிடித்துச் சுற்றினார்கள், வெட்டினார்கள், ஒயின் ஊற்றினார்கள். இருபது வருஷத்தில் அவன் வீட்டிலிருந்த முதல் ஸ்லாவா. மே மாதத்தில் என்றைக்கு அவனுக்கு விடுமுறை கிடைத்தது? ஜெபம் மறந்துபோயிருக்கும் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை பிசகவில்லை. வெலிமிர் அண்ணன் பின்னால் நின்று உதட்டை அசைத்தபடி அவனுக்குத் துணை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பது கிடையாது. வருகிறவன் வருவான்; வந்தவனைப் போ என்று சொல்வதும் கிடையாது. மதியத்துக்குள் நாற்பது பேர். உக்ளேஷா ஒரு காலைச் சாய்த்தபடி நின்று பரிமாறினான். மூன்று மணிக்கு நாற்பது பேரும் ஒன்றாக எழுந்தார்கள்.

"எங்க போறீங்க? இன்னும் கறி வரல!" என்றார் வெலிமிர் அண்ணன்.

"ஆட்டத்துக்கு," என்றான் ஸ்ரேத்தன், வாயைத் துடைத்தபடி. "கறி ஓடியா போகப் போகுது?"

"பாதிரியாரே, நீங்களுமா?"

"நான் ஆசீர்வாதம் பண்ணப் போறேன் வெலிமிர். கீழ்ப் பிரிவுக்குப் போகாம இருக்க வேற வழி தெரியல."

உக்ளேஷா பையைத் தோளில் மாட்டினான். அப்பாவைப் பார்த்தான். வாசலைத் தாண்டியபோது, போகிற காரியம் தண்ணீராய் ஓடட்டும் என்று நான் ஒரு குவளைத் தண்ணீரை அவன் பின்னால் ஊற்றினேன். பெல்கிரேடுக்குப் போனபோது விதா ஊற்றினாள், பெல்ஜியத்துக்கும் ஊற்றினாள். அவன் திரும்பவில்லை, திரும்பக் கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர், ஒரு மெழுகுவர்த்தி, நாற்பது அழுக்குத் தட்டு.

வெலிமிர் அண்ணனின் வீடு சரிவின் மேலே. சாப்பாட்டு அறை ஜன்னலைத் திறந்தால் கீழே மைதானம், உள்ளங்கை மாதிரி. அவர் மெழுகுவர்த்தியின் பக்கத்தில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"ஜன்னலைத் திறக்காத. காத்து இழுத்தா அணைஞ்சுடும்."

"கண்ணாடி வழியாவே தெரியுது அண்ணே."

"சொல்லு."

சொன்னேன். முதல் பாதியில் ஒன்றுமில்லை. இரண்டாம் பாதி தொடங்கியதும் லாரி டிரைவர் வழுக்கி விழுந்தான். அவர்கள் ஒரு கோல் போட்டார்கள்.

"நம்ம பையன்?"

"டிரைவரைத் தூக்கி விடறான்."

"அப்புறம்?"

"முதுகுல தட்டறான்."

"தட்டட்டும். அந்தத் தடியன் வேற எதுக்கு ஆவான்?"

எழுபதாவது நிமிஷம் இருக்கும். உக்ளேஷா நடுவில் பந்தை எடுத்துத் திரும்பினான். எதிரணியின் உயரமான ஒருவன் பக்கவாட்டிலிருந்து சறுக்கி வந்தான். கால் வந்த இடம் முட்டி. மேலே எங்கள் ஜன்னல் வரைக்கும் ஒரு சத்தம் கேட்டது. உக்ளேஷா விழுந்தான்.

கூட்டம் அமைதியானது. அந்த அமைதி அவருக்கும் கேட்டிருக்கும்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. லேஸ் கட்டறான்."

நான் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஸ்ரேத்தன் தண்ணீர் வாளியோடு ஓடினான். பாதிரியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் ஓடினார்.

"தாரிங்கா."

"கட்டறான் அண்ணே."

"எவ்வளவு நேரம் ஒருத்தன் லேஸ் கட்டுவான், தாரிங்கா?"

நான் கண்ணாடியில் படிந்த மூச்சைத் துடைத்தேன்.

"பெல்ஜியத்துலயும் நாலு நிமிஷம் கட்டினான். கிரேக்கத்துல கட்டிக்கிட்டே இருந்தான். நான் திராட்சைக் கொடி கட்டறவன். எனக்குத் தெரியாதா, ஒரு முடிச்சுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு?"

"அண்ணே..."

"இந்தா. இதைப் பிடி."

மெழுகுவர்த்தியைத் தாங்கியோடு எடுத்து என் கையில் வைத்தார். திரும்பினார். ஜன்னலின் இரண்டு கதவையும் திறந்தார்.

காற்று உள்ளே பாய்ந்தது. சுடர் படுத்துவிட்டது. நான் அடுப்படி மூலைக்கு ஓடி, சுவரோடு ஒண்டி, உள்ளங்கையைக் குவித்து மறைத்தேன். மெழுகு என் கட்டைவிரலில் சொட்டியது. அங்கிருந்து எனக்கு மைதானம் தெரியாது. அவர் முதுகுதான் தெரிந்தது. பதினேழு வருஷமாகப் பார்த்த அதே முதுகு, ஆனால் இப்போது அந்தப் பக்கம் முகம்.

"என்ன பண்றான் அண்ணே?" என்றேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே இன்னும் சாய்ந்தார்.

"சொல்லுங்க! எனக்குத் தெரியல!"

"கிடக்கான்."

"அப்புறம்?"

"பாதிரியார் முட்டியில கை வெக்கறாரு. இவரு யாரு டாக்டரா? தள்ளுய்யா... எழுந்திருக்கான். எழுந்துட்டான் தாரிங்கா. நொண்டறான். வெளிய வான்னு ஸ்ரேத்தன் கையைக் காட்டறான். வர மாட்டேங்கறான். கழுதை. யாரு மாதிரி இவன்?"

"உங்க மாதிரி."

"வாயை மூடு. ஆட்டம் ஆரம்பிச்சாச்சு." குரல் மாறிவிட்டது. "இவ்வளவு பெரிய தோளா இவனுக்கு? டிவியில இப்படித்தான் தெரிவானா?"

"சொல்றதைச் சொல்லுங்க அண்ணே!"

"நடக்கறான், ஓடல. எல்லாருக்கும் கையைக் காட்டிச் சொல்றான். நீ அங்க போ, நீ இங்க வா. கேக்கறானுங்க. எல்லாரும் கேக்கறானுங்க... பந்து. பந்து அவன்கிட்ட. இடது பக்கம்! டேய், இடது பக்கம் ஒருத்தன் தனியா நிக்கறான்! குடு! குடுக்கல. வலது பக்கம் அடிச்சுட்டான். சே. எவனோ வெளிய தள்ளிட்டான். கார்னர்."

"யாரு அடிக்கறா?"

"அவன்தான். வேற யாரு? பந்தை வெக்கறான். கையால மூலையில இருக்கற சேத்தை ஒதுக்கறான். உங்க வீட்டு முற்றத்துல சின்ன வயசுல ஒதுக்குவானே, அதே மாதிரி..."

அப்புறம் அவர் நிறுத்திவிட்டார். நான் சுடரைப் பார்த்தேன். சரிவு முழுக்க ஏறி வந்தது ஒரு கத்தல், தட்டுகள் அதிர்ந்தன.

"என்ன? அண்ணே! என்ன ஆச்சு? சொல்லித் தொலைங்க!"

ஜன்னல் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"நான் சொன்னேன் உங்களுக்கு, பதினேழு வருஷம்! ஒரு தடவை நீங்க எனக்குச் சொல்லுங்க!"

"போயிடுச்சு," என்றார். "ஸ்ரேத்தன் மாப்பிள்ளை தலையால முட்டினான். உள்ள போயிடுச்சு. எல்லாரும் அவன்மேல விழுந்து கிடக்கானுங்க." சட்டத்திலிருந்து கையை எடுத்து, "நம்ம பையன் திரும்பி நடந்து வரான். தன் இடத்துக்கு."

அவ்வளவுதான். ஜன்னலைச் சாத்தினார். மெழுகுவர்த்தியை வாங்கிக்கொண்டார். மறுபடியும் முதுகைக் காட்டி நின்றார்.

"போதும். இதுக்கு மேல கண்ணுபட வேணாம். மிச்சத்தை நீ பாரு."

"நீங்க பாத்துத்தானே கோல் விழுந்துச்சு?"

"அதனாலதான். எத்தனை தடவை சும்மா விடும்? பாத்தேன்னு அவன்கிட்ட சொல்லாத."

"இன்னுமா?"

"சத்தியம் இன்னும் இருக்கு."

மிச்சப் பத்து நிமிஷத்தில் யாரும் விழவில்லை. நடுவர் கூடுதலாக ஒரே நிமிஷம்தான் கொடுத்தார். அவர் வீட்டிலும் புனித ஜார்ஜ்தான் ஸ்லாவா. ஒன்றுக்கு ஒன்று. அணி பிழைத்தது.

ஆறரைக்குச் சரிவு ஏறி வந்தார்கள். எங்கள் ஆட்கள் மட்டுமா? எதிரணி முழுவதும் வந்தது. முட்டியில் உதைத்த அந்த உயரமானவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் தயங்கினான்.

"உள்ள வாப்பா," என்றான் உக்ளேஷா. "ஸ்லாவா வீட்டு வாசல்ல நிக்கக் கூடாது. இன்னொரு முட்டி இருக்கு, பயப்படாத."

முட்டி பூசணிக்காயாக வீங்கியிருந்தது. "உக்காருடா" என்று ஸ்ரேத்தன் நாற்காலியை இழுத்துப் போட்டான். பாதிரியாரும் சொன்னார். அவன் உட்காரவில்லை. ஆறு மணிக்கு மேல் நான் வீட்டுக்காரன் என்றான். ஒயின் ஜாடியை எடுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்தான், நொண்டியபடி: பாதிரியாருக்கு, டிரைவருக்கு, குமாஸ்தாவுக்கு, உதைத்தவனுக்கு. உதைத்தவன் தட்டில் கறி குறைவாக இருப்பதைப் பார்த்து எனக்குக் கண்ணைக் காட்டினான்.

வெலிமிர் அண்ணன் மேஜையின் கோடியில், விருந்தாளிகள் உட்காரும் பக்கம். ஐம்பது வருஷத்தில் அந்த வீட்டு ஸ்லாவாவில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

உக்ளேஷா கடைசியாக அவரிடம் வந்தான். கோப்பையை நிரப்பினான்.

"ஒரு புள்ளி வந்துடுச்சுப்பா," என்றான், எல்லாருக்கும் சொல்கிற குரலில். "தோட்டத்துல வேலை முடிஞ்சுதா?"

நான் தட்டுகளோடு அப்படியே நின்றேன். வெலிமிர் அண்ணன் கோப்பையைத் தூக்கினார். குடிக்கவில்லை. மேஜையில் திரும்ப வைத்தார். முகத்தை நிமிர்த்தி, பேச்சுச் சத்தத்துக்கு நடுவே, மகனைப் பார்த்துக் கேட்டார்:

"அந்தக் கார்னருக்கு முன்னாடி, இடது பக்கம் ஒருத்தன் தனியா நின்னானே, அவனுக்கு ஏன்டா குடுக்கல?"